நீல அலையும் காரல் மீனின் விளக்கும் ஒரே சங்கதியா? கடல் உயிர்கள் எதைக் கண்டு ஒளிர்கின்றன

#1 பாலவாக்கம்_பாலா

2019 ஆகஸ்ட் 18 ஞாயிறு இரவு திருவான்மியூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் வரை அலைகள் நீலமாக எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். 2024 அக்டோபரிலும் ஈ.சி.ஆர் பக்கம் அதே காட்சி, அதே கூட்டம், அதே செல்ஃபி. இரண்டு முறையும் வாட்ஸப்பில் இரண்டே வகைச் செய்திதான் வந்தது. "இயற்கையின் அதிசயம், குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்" என்று ஒன்று. "கடல் செத்துக்கொண்டிருக்கிறது, இது அபாய அறிகுறி" என்று இன்னொன்று.

எனக்கு இரண்டுமே போதவில்லை. என் கேள்விகள் இவை. அந்த உயிர் எதற்காக எரிகிறது? அலை உடையும் இடத்தில் மட்டும் ஏன்? அப்புறம், நாம் குழம்பு வைக்கிற காரல் மீனுக்குள்ளும் ஒரு விளக்கு இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அது நிஜமா? நிஜமென்றால் அதுவும் இதுவும் ஒன்றுதானா? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். படிக்க நேரம் இருக்கிறது.

#2 எதிர்க்கேள்வி

ஊர்ச் சாக்கடையை எல்லாம் கடலில் விட்டால் கடல் எரியாமல் என்ன செய்யும்? இதற்கு ஒரு இழை வேறு.

#3 நுண்ணோக்கி

#2-க்குப் பிறகு வருகிறேன், முதலில் பாலாவுக்கு.

சென்னையில் எரிந்தது நாக்டிலூக்கா சிண்டிலன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிர். டைனோஃபிளஜெல்லேட் என்ற பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. ஒற்றைச் செல் என்றாலும் ஆள் பெரிது: 0.2 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெறும் கண்ணுக்கே சின்ன ஜவ்வரிசி போலத் தெரியும்.

ஒளிரும் டைனோஃபிளஜெல்லேட்டுகள் பெரும்பாலும் தொட்டால்தான் எரியும். தொடுவது என்றால் விரல்தான் வேண்டும் என்றில்லை. செல்லை ஒட்டி ஓடும் நீர் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் போனால் செல்லின் மேல்தோல் லேசாகக் கோணும். அது போதும். அமைதியாக நகரும் நீரில் இந்தக் கோணல் வராது, அலை உடையும் இடத்தில் வந்துவிடும். அதனால்தான் நடுக்கடல் கறுப்பாக இருக்கும்போது கரையோர நுரை மட்டும் நீலமாகத் தெரிகிறது. படகின் பின்னால் வரும் தடம், துடுப்பு, நீந்தும் மீன், ஈரமணலில் நம் கால் என்று எல்லாமே அந்தக் கணக்கில் அடங்கும்.

தோல் கோணினால் உள்ளே கால்சியம் அளவு ஏறுகிறது. அதைத் தொடர்ந்து, செல்லின் நடுவில் இருக்கும் பெரிய நீர்ப்பையின் சவ்வில் ஒரு மின்துடிப்பு ஓடுகிறது. நம் நரம்பில் ஓடுவதற்குச் சொந்தக்காரத் துடிப்புதான், ஆனால் இங்கே நரம்பே கிடையாது. அந்த நீர்ப்பை அமிலம் நிறைந்தது. துடிப்பு வந்ததும் சவ்வில் புரோட்டான் வாசல்கள் திறந்து, சிண்டிலான் என்ற நுண்ணிய உறுப்புகளுக்குள் அமிலம் பாய்கிறது. அவற்றின் பி.எச் 8-லிருந்து 6 அளவுக்கு இறங்குகிறது. அதுவரை சும்மா இருந்த லூசிஃபெரேஸ் நொதி விழித்துக்கொண்டு லூசிஃபெரின் என்ற பொருளை ஆக்சிஜனோடு சேர்க்கிறது. வெளிச்சம் வருகிறது. கோணலில் தொடங்கி வெளிச்சம் வரை எல்லாம் கண் இமைப்பதற்குள் நடந்து, ஒரு மின்னல் சுமார் பத்தில் ஒரு விநாடியில் அடங்கிவிடும். நீளமாக எரிவதுபோல நமக்குத் தோன்றுவது லட்சக்கணக்கான செல்கள் அடுத்தடுத்து மின்னுவதால்.

இப்படி மின்துடிப்பால் திறக்கும் புரோட்டான் வாசல் ஒன்று இருந்தாக வேண்டும் என்று வுட்லண்ட் ஹேஸ்டிங்ஸும் அவர் சகாவும் 1972-லேயே எழுதிவிட்டார்கள். டைனோஃபிளஜெல்லேட்டில் அந்த வாசலின் மரபணு கையில் கிடைத்தது 2011-ல்தான். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சங்கதி இது.

நிறம் ஏன் நீலம் என்று கேட்பீர்கள். கடல்நீரில் நீல ஒளிதான் அதிகத் தூரம் போகும், கடல் விலங்குகளில் பெரும்பாலானவற்றின் கண்ணுக்கும் அதுதான் நன்றாகத் தெரியும்.

#4 பாலவாக்கம்_பாலா

அருமை. ஆனால் ஒரு கேள்வி. ஒற்றைச் செல்லுக்கு இவ்வளவு செலவு எதற்கு? இருட்டில் ஒளிந்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு "நான் இங்கே இருக்கிறேன்" என்று விளக்குப் போடுவது தற்கொலை இல்லையா? அப்புறம், பகலிலும் எரிகிறதா, நமக்குத் தெரியவில்லை என்பது மட்டும்தானா?

#5 நுண்ணோக்கி

பகல் விஷயம் முதலில். லிங்குலோடினியம் என்ற இன்னொரு டைனோஃபிளஜெல்லேட்டை வைத்து 1950-களில் ஹேஸ்டிங்ஸும் பியாட்ரிஸ் ஸ்வீனியும் சோதித்தார்கள். இரவும் பகலும் மாறாத மங்கலான வெளிச்சத்தில் வைத்தாலும், அது தன் கணக்குப்படி "இரவு" நேரத்தில்தான் பலமாக ஒளிர்ந்தது. உள்ளே ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு கடிகாரம் ஓடுகிறது. இன்னும் வேடிக்கை, விடியும்போது ஒளி தரும் புரதங்களை அழித்துவிட்டு அந்தி சாயும்போது புதிதாகச் செய்துகொள்கிறது. அதாவது சூரியன் மறைந்ததைப் பார்த்து எதிர்வினை ஆற்றுவது மட்டும் இல்லை, மறையப் போகிறது என்று முன்கூட்டியே தயாராகிறது. இது ஒளிச்சேர்க்கை செய்யும் இனம் என்பதைக் கவனிக்கவும். நாக்டிலூக்காவுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

இனி, எதற்காக என்பது. இவற்றைத் தின்பவை கோப்பிபாட் என்ற மிகச்சிறு ஓட்டுடலிகள். கோப்பிபாட் வாயில் மாட்டியதும் செல் மின்னுகிறது. ஒன்று, அது திடுக்கிட்டுத் துப்பிவிட்டு ஓடலாம். இரண்டு, அந்த வெளிச்சத்தில் கோப்பிபாட் எங்கே இருக்கிறது என்று அதைத் தின்னும் மீனுக்குத் தெரிந்துவிடும். எதிரியின் எதிரியைக் கூப்பிடும் தந்திரம். "திருட்டு எச்சரிக்கை மணி" கருதுகோள் என்பார்கள். பர்க்கன்ரோட் என்பவர் 1943-ல் முன்வைத்தது.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், கோப்பிபாட்டுகள் நீரில் கசியவிடும் கோப்பிபாடமைடு என்ற கொழுப்புப் பொருட்கள் இருக்கின்றன. சுவீடனில் கோதென்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். கோப்பிபாட்டே இல்லாத நீரில் இந்த வாசனையை மட்டும் மிக மிகக் கொஞ்சமாகக் கலந்தால் போதும், அலெக்சாண்டிரியம் என்ற டைனோஃபிளஜெல்லேட் தன் நஞ்சைக் கூட்டுகிறது. பின்னால் நடந்த சோதனையில் லிங்குலோடினியத்தின் ஒளியும் கூடியது. மூக்கும் இல்லை, மூளையும் இல்லை. ஆனாலும் ஆள் வருவதை மோந்துவிடுகிறது.

#6 வேதியியல்_வாத்தியார்

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "எதிரியின் எதிரியைக் கூப்பிடுகிறது" என்பதெல்லாம் நாம் கட்டும் கதையாகவும் இருக்கலாம் அல்லவா? பரிணாமத்தில் எதற்கு வேண்டுமானாலும் பின்னால் உட்கார்ந்து ஒரு காரணம் சொல்லிவிடலாம். சோதனை உண்டா?

#7 நுண்ணோக்கி

உண்டு சார். 1993-ல் ஏபிரகாம்ஸ், டவுன்சென்ட் இருவரும் ஸ்டிக்கில்பேக் என்ற சிறு மீனை இருட்டுத் தொட்டியில் கோப்பிபாட்டுகளோடு விட்டார்கள். ஒளிரும் டைனோஃபிளஜெல்லேட் இருந்த தொட்டியில் மீனிடம் மாட்டிய கோப்பிபாட்டுகள் அதிகம். "கூப்பிடுகிறது" என்பது பேச்சு வசதிக்கு. செல்லுக்கு எண்ணம் கிடையாது. மின்னிய பரம்பரை கொஞ்சம் கூடுதலாகத் தப்பித்தது, அவ்வளவுதான்.

#8 பாம்பன்காரன்

படித்துக்கொண்டே வந்தேன். கடலுக்குப் போகிற ஆள் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

இருட்டு மாதத்தில் இந்த வெளிச்சம் எங்களுக்குப் பழக்கம்தான். மத்தி, சாளை கூட்டமாகப் போனால் அடியில் வெளிச்சம் மேகம் மாதிரி நகரும், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். அதே வெளிச்சம் எங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும். வலையை விட்டால் வலைக்கண் ஒவ்வொன்றும் எரியும். மீன் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும். செவுள்வலைக்காரர்கள் அன்றைக்குச் சும்மா திரும்ப வேண்டியதுதான். நிலா வெளிச்சத்தில் இது மங்கிவிடும், கூட்டத்தைப் பார்க்கவும் முடியாது.

ஆனால் 2019 செப்டம்பரில் எங்கள் பக்கம் வந்தது வேறு கதை. அதை நாங்கள் பூங்கோரை என்போம். பகலிலேயே தண்ணீர் பச்சை. பெயின்ட் கலக்கிய மாதிரி கெட்டிப் பச்சை. மண்டபம், பாம்பன், வேதாளை பக்கமெல்லாம் பாறை மீன்கள் செத்து ஒதுங்கின. நாற்றம் தாங்கவில்லை. மீனைக் கையில் எடுத்துப் பார்த்தால் காயம் இல்லை, நோய் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்குத் தவித்துச் செத்த மீன் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். இங்கே நீலம் என்கிறீர்கள், எங்களுக்கு வந்தது பச்சை. இரண்டும் ஒன்று என்று கல்லூரி ஆட்கள் வந்து சொன்னார்கள். எப்படி ஒன்றாகும் என்று யாராவது சொன்னால் நல்லது.

#9 எதிர்க்கேள்வி

இதைத்தானே நான் இரண்டாவது பதிவிலேயே சொன்னேன். மீன் செத்திருக்கிறது, பவளப்பாறை செத்திருக்கிறது, இங்கே புரோட்டான் வாசல் என்று கதை போய்க்கொண்டிருக்கிறது. அழுக்கு, வெப்பம், அவ்வளவுதான்.

#10 நெய்தல்_செல்வி (மட்டுறுத்துநர்)

எதிர்க்கேள்வி தம்பி, சாக்கடைக்கு நானும் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் சொல்வதில் பாதிதான் சரி, மீதிப் பாதி முக்கியமானது.

பாம்பன் அண்ணன் கேட்டதற்கு முதலில். நாக்டிலூக்காவில் சிவப்பு, பச்சை என்று இரண்டு வடிவங்கள் உண்டு. இனம் ஒன்றுதான், பிழைப்பு வேறு. சிவப்பு வடிவம் முழுக்க வேட்டைக்காரன். டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி, கோப்பிபாட் முட்டை, மீன் முட்டை என்று கிடைத்ததை விழுங்கும். குளிர்ந்த கடல்களில் அதிகம். பச்சை வடிவத்தின் உடலுக்குள் ஆயிரக்கணக்கில் ஒரு பச்சைப் பாசி உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும். பாசி வெயிலில் உணவு தயாரிக்கும், நாக்டிலூக்கா தன் கழிவிலிருக்கும் அம்மோனியத்தை அதற்குக் கொடுக்கும். இரை கிடைத்தால் வேட்டையும் ஆடும், கிடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் பாசி காப்பாற்றும். 25-லிருந்து 30 டிகிரி வெப்பமுள்ள நீர் இதற்குப் பிடித்தது. மன்னார் வளைகுடா, அரபிக்கடல், தென்கிழக்கு ஆசியா எல்லாம் அதன் பேட்டை. பகலில் பார்த்தால் உள்ளிருக்கும் பாசியின் பச்சை, இருட்டில் கலக்கினால் நீலம். அண்ணனின் பூங்கோரையும் பாலாவின் நீல அலையும் சேரும் இடம் இதுதான்.

இனி சாவு எப்படி வருகிறது. நாக்டிலூக்கா நஞ்சு தயாரிக்காது. ஆனால் உடலில் அம்மோனியத்தைச் சேர்த்து வைத்திருக்கும், மிதப்பதற்கே அதுதான் உதவி. கூட்டம் கூட்டமாகச் செத்தால் அம்மோனியா நீரில் கலக்கும். அதைவிடப் பெரிய அடி ஆக்சிஜனில். அழுகும் பொருளைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். இரவில் பாசியும் ஒளிச்சேர்க்கை செய்யாது, மூச்சு மட்டும் விடும். அதனால் விடிவதற்குச் சற்று முன்தான் நீர் மிக மோசமான நிலையில் இருக்கும். நீந்தி ஓட முடிந்த மீன் ஓடிவிடும். பாறை இடுக்கை விட்டு வெளியே வராத மீன் மாட்டிக்கொள்ளும். பவளம் ஓடவே முடியாது.

2019-ல் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்டபம் பக்கத் தீவுகளில் நீருக்கடியில் இறங்கிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது. வேகமாக வளரும் கிளைப் பவளங்கள்தான் அதிகம் செத்தன. மெதுவாக வளரும் பாறை போன்ற பவளங்கள் தாக்குப்பிடித்தன. ஒரே நீர், ஒரே நாட்கள், ஆனால் உயிருக்கு உயிர் பதில் வேறு. 2016-ல் வெப்பத்தால் வெளிறிப்போய் நிறைய இழந்திருந்த பாறைகளுக்கு மூன்றே வருடத்தில் அடுத்த அடி.

இப்போது தம்பிக்கு. இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, நீல அலை என்றால் சாவு" என்று வந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் இதன் மிதப்பு. நாக்டிலூக்கா பெரிதாக நீந்தாது, மேலே மிதந்து வந்துவிடும். காற்று அடங்கி நீரோட்டம் கரைப்பக்கம் தள்ளினால், பரந்த கடலில் கொஞ்சம் கொஞ்சமாக இருந்ததெல்லாம் ஒரே பட்டையாகக் கரையில் ஒதுங்கும். நமக்கு அது "திடீர்ப் பெருக்கம்" போலத் தெரியும். உண்மையில் பெருகாமலே சேர்ந்திருக்கலாம். பெருகியதா சேர்ந்ததா என்று புகைப்படம் பார்த்துச் சொல்ல முடியாது. நீரை எடுத்துச் செல்களை எண்ண வேண்டும், கரைந்த ஆக்சிஜனை அளக்க வேண்டும். அந்த இரண்டு எண்ணும் இல்லாமல் கொண்டாடுவதும் தப்பு, ஒப்பாரி வைப்பதும் தப்பு.

#11 எதிர்க்கேள்வி

அக்கா, சரி, கரைச் சமாச்சாரத்தை விடுங்கள். அரபிக்கடலில் நடுக்கடலிலேயே பச்சைப் பெருக்கம் வருடா வருடம் வருகிறதே? அது சூடேற்றத்தால்தான் என்று ஆய்வே இருக்கிறது. அதை எந்தக் காற்று ஒதுக்கியது?

#12 நெய்தல்_செல்வி (மட்டுறுத்துநர்)

நல்ல கேள்வி, முதல் பதிவிலேயே இப்படிக் கேட்டிருக்கலாம்.

அரபிக்கடலின் வடக்கே குளிர்காலத்தில் முன்பு டயாட்டம்கள்தான் பெருகும். 2000-க்குப் பிறகு அந்த இடத்தைப் பச்சை நாக்டிலூக்கா பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் லமான்ட் டோஹர்ட்டி ஆய்வகத்திலிருந்து ஜோகிம் கோயஸ், ஹெல்கா கோம்ஸ் இருவரும் 2014-ல் எழுதியது: ஆழத்திலிருக்கும் ஆக்சிஜன் குறைந்த நீர் மேல்தட்டுக்கு ஏறி வருகிறது, குறைந்த ஆக்சிஜனில் உள்ளிருக்கும் பாசி இன்னும் நன்றாக வேலை செய்கிறது, டயாட்டம் தடுமாறுகிறது. 2020-ல் அவர்களே இமயமலைப் பனி குறைவதையும் சேர்த்தார்கள். பனி குறைந்தால் குளிர்கால வடகிழக்குக் காற்று வெப்பமாகவும் ஈரமாகவும் வரும், கடலின் மேல்தட்டு முன்போலக் குளிர்ந்து அடிநீரோடு கலக்காது, ஊட்டச்சத்து மேலே வராது. சத்துக் குறைந்த நீரில் டயாட்டம் பட்டினி, வேட்டையும் ஆடத் தெரிந்த நாக்டிலூக்காவுக்குக் கவலை இல்லை.

ஆனால் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018-ல் வடகிழக்கு அரபிக்கடலில் பெருக்கம் நடந்த இடத்திலேயே அளந்து பார்த்து, அங்கே மேல்நீரில் ஆக்சிஜன் பற்றாக்குறை இல்லை என்று எழுதினார்கள். "ஆக்சிஜன் குறைவதுதான் காரணம்" என்பதற்கு நேரடி மறுப்பு. எனக்கு இரண்டாவது தரப்பின் அளவீடுதான் கனமாகப் படுகிறது. கப்பலில் போய் அந்த நீரிலேயே அளந்த எண் அது. அதற்காகச் சூடேற்றத்துக்குப் பங்கே இல்லை என்று அர்த்தம் இல்லை. ஆக்சிஜன் வழியாக வந்த பதிலா, ஊட்டச்சத்து வழியாக வந்த பதிலா என்பதுதான் சண்டை.

நாக்டிலூக்காவைச் சால்ப் என்ற கண்ணாடி போன்ற மிதவை உயிர், ஜெல்லிமீன் மாதிரி ஆட்கள்தான் விரும்பித் தின்பார்கள். டயாட்டத்தைத் தின்னும் கோப்பிபாட், அதைத் தின்னும் மீன் என்ற பழைய வரிசைக்கு அதில் பங்கு குறைவு. மீனவருக்கு இது வெறும் நிறமாற்றம் இல்லை.

#13 வேதியியல்_வாத்தியார்

இந்தியக் கடலில் இது புதிதும் இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மலபார், கனரா கரையில் செந்நீர் வந்து மீன்பிடி திடீரென்று படுத்ததைப் பற்றி பீமாச்சார், ஜார்ஜ் இருவரும் 1950-லேயே எழுதியிருக்கிறார்கள். அதிலும் நாக்டிலூக்காதான். மதராஸ் மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் அதற்கும் முன்பே, 1917-ல், ஒரு நுண்ணுயிரால் மேற்குக் கரையில் மீன்கள் கூட்டமாகச் சாவதைப் பற்றி எழுதினார். பழைய பதிவுகள் இருப்பதால்தான் "இப்போது கூடியிருக்கிறதா" என்று ஒப்பிடவாவது முடிகிறது.

#14 மதுரை_மல்லி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கணவாய் வாங்கிக் கழுவி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். ராத்திரி கரண்ட் இல்லாதபோது திறந்தால் பாத்திரத்தில் பச்சை நீலமாக ஒரு ஒளி. மாமியார் பேய் என்றார், மகன் ரசாயனம் என்றான். தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி எரிந்தது. இதுவும் நாக்டிலூக்காவா?

#15 நுண்ணோக்கி

மல்லி அக்கா, "தொட்டாலும் தொடாவிட்டாலும்" என்று நீங்கள் கவனித்தீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. தொட்டால் மட்டும் மின்னினால் டைனோஃபிளஜெல்லேட். சும்மா இருக்கும்போதே மங்கலாக, நிலையாக எரிந்தால் பாக்டீரியா. உங்கள் பாத்திரத்தில் இருந்தது அநேகமாக ஃபோட்டோபாக்டீரியம் ஃபாஸ்போரியம். குளிரும் உப்பும் அதற்குப் பிடிக்கும், அதனால் ஃபிரிட்ஜிலும் வளரும். ஒளியே விஷம் இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எரிகிறது என்றால் எண்ணிக்கை ஏறிவிட்டது, சரக்கு பழசாகிவிட்டது என்று அர்த்தம். நான் என்றால் கொட்டிவிடுவேன்.

இப்போது பாலாவின் காரல் மீனுக்கு வந்துவிடலாம். நிஜம்தான். காரல் மீனின் உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தைச் சுற்றி வளையம் போல ஒரு ஒளியுறுப்பு இருக்கிறது. அதற்குள் குடியிருப்பது ஃபோட்டோபாக்டீரியம் லையோக்னாதி. காரலின் அறிவியல் பெயரான லையோக்னாத்தஸிலிருந்துதான் பாக்டீரியாவுக்கே பெயர். உள்ளே பிறக்கும் ஒளி, பளபளப்பான உட்பூச்சு கொண்ட காற்றுப்பையில் பட்டு, ஒளி ஊடுருவும் வயிற்றுத் தசை வழியாகக் கீழ்ப்பக்கமாகப் பரவுகிறது. கீழே இருந்து வேட்டை மீன் நிமிர்ந்து பார்த்தால், மேலிருந்து வரும் மங்கிய வெளிச்சத்துக்கு நடுவே காரலின் நிழல் தெரியாமல் போகும். பல இனங்களில் ஆணின் ஒளியுறுப்பு பெண்ணுடையதைவிடப் பெரிது, அதனால் இணைக்குச் சைகை காட்டவும் பயன்படுகிறது. பாக்டீரியா எப்போதும் எரியும், எப்போது வெளியே விடுவது என்பது மட்டும் மீன் கையில். குழம்பில் போட்டபின் அணைந்துவிடும், கவலை வேண்டாம்.

இதே ஏற்பாட்டில் உலகம் அதிகம் ஆராய்ந்தது ஹவாய்த் தீவின் ஒரு குட்டிக் கணவாயை. யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸ் என்று பெயர். முட்டையிலிருந்து வரும்போது அதன் ஒளியுறுப்பு காலி. சில மணி நேரத்துக்குள் கடல்நீரிலிருந்து விப்ரியோ ஃபிஷரி பாக்டீரியாவை மட்டும் பொறுக்கி உள்ளே விடுகிறது. சுற்றிலும் ஆயிரம் வகை இருந்தாலும் மற்றவை உள்ளே நிலைப்பதில்லை. பாக்டீரியா குடியேறியதும் கணவாயின் திசுவே வடிவம் மாறுகிறது. தினமும் விடியற்காலையில் சுமார் 95 சதவீதத்தை வெளியே தள்ளிவிடுகிறது, மிச்சம் பகலில் பெருகி அடுத்த இரவுக்குத் தயார். மார்கரெட் மெக்ஃபால்-நாய், எட்வர்ட் ரூபி இருவரும் பல பத்தாண்டுகள் இதையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

அந்த விப்ரியோ தனியாகக் கடலில் மிதக்கும்போது எரியாது. கூட்டமாக அடைந்திருக்கும்போதுதான் எரியும். 1970-ல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் (அதே ஹேஸ்டிங்ஸ்!) எழுதியது இது. ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சின்ன மூலக்கூறை வெளியே கசியவிடுகிறது. பரந்த கடலில் அது கரைந்து போய்விடும். குறுகலான இடத்தில் ஆட்கள் கூடினால் அதுவும் கூடும், ஓர் அளவைத் தாண்டினால் ஒளி மரபணுக்கள் திறக்கும். தனி ஆளாக விளக்குப் போட்டால் யாருக்கும் தெரியாது, செலவு மட்டும் மிச்சம். கூட்டம் சேர்ந்த பின் போட்டால் பலன் உண்டு. 1994-ல் இதற்கு குவோரம் சென்சிங் என்று பெயர் வைத்தார்கள். பிறகு நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றிலும் இதே பழக்கம் தெரியவந்தது. ஒளிரும் எல்லா பாக்டீரியாவிலும் சுவிட்ச் இதே மாதிரி இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக பாலா, நீல அலையும் காரலும் ஒன்றல்ல. லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்று பெயர்கள் ஒன்றாக இருந்தாலும் இரண்டு இடத்திலும் மூலக்கூறுகள் வேறு. பரிணாமத்தில் ஒளி பல தடவை தனித்தனியாக வந்திருக்கிறது. ஒன்று கேட்கும் கேள்வி "என்னை யார் இடித்தது?" மற்றது கேட்பது "நாம் எத்தனை பேர் இருக்கிறோம்?"

#16 வேதியியல்_வாத்தியார்

கணவாய்க்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு வீடும் சாப்பாடும் கிடைக்கிறது, சரி. மல்லி அம்மா வீட்டுப் பாத்திரத்திலும், கடலில் மிதக்கும் அழுகல் துணுக்கிலும் எரிவதால் பாக்டீரியாவுக்கு என்ன லாபம்?

#17 நுண்ணோக்கி

மீன் வயிற்றுக்குப் போகலாம் சார். அங்கே சாப்பாடு ஏராளம், இலவசமாக ஊர்ப்பயணமும் உண்டு. செங்கடலின் ஐலாத் வளைகுடாவில் செய்த சோதனை, 2012-ல் வந்தது. ஒளிரும் லையோக்னாதி இருக்கும் நீரில் சில விநாடிகள் புழங்கிய உப்புநீர் இறால் குஞ்சுகள் தாமும் ஒளிர ஆரம்பித்தன. இருட்டில் மீன்கள் ஒளிர்ந்தவற்றைப் பிடித்துத் தின்றன, ஒளிராதவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. பாக்டீரியா மீனின் குடலைத் தாண்டி உயிரோடு வெளியே வந்தது. ஒளிராத மரபுப்பிறழ்வு பாக்டீரியாவை வைத்தும் ஒப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே கதை மட்டும் இல்லை.

#18 பாம்பன்காரன்

பெரியவர்கள் "பால்கடல்" என்று ஒன்று சொல்வார்கள். அலை இல்லாமலே, கண்ணுக்கு எட்டிய தூரம் கடல் முழுக்க வெள்ளையாக இருக்குமாம். நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர் பார்த்ததாகச் சொன்னார். இதெல்லாம் கட்டுக்கதையா?

#19 நெய்தல்_செல்வி (மட்டுறுத்துநர்)

கட்டுக்கதை இல்லை அண்ணே. 1995 ஜனவரி 25 இரவு சோமாலியாவுக்கு அப்பால் லிமா என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் இப்படி ஒரு கடலுக்குள் மணிக்கணக்கில் போனது. பத்து வருடம் கழித்து ஸ்டீவன் மில்லர் குழு பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேடியது. கப்பல் குறித்து வைத்திருந்த இடத்தில் அதே இரவில் ஒளி தெரிந்தது. மூன்று இரவுகள் தெரிந்த அந்தப் பரப்பு 15,400 சதுர கிலோமீட்டர். 2019-ல் ஜாவாவுக்குத் தெற்கே வந்தது ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். தமிழ்நாடே 1,30,058 தான்.

நிலையாக எரிவதால் நுண்ணோக்கி சொன்ன கணக்குப்படி பாக்டீரியாவாகத்தான் இருக்க வேண்டும். 1985-ல் அரபிக்கடலில் ஓர் ஆய்வுக்குழு பால்கடலுக்குள்ளேயே நீர் எடுத்தது. அதில் பாசித் திட்டுகளின் மேல் விப்ரியோ ஹார்வியி ஒட்டிக்கொண்டு இருந்தது. பாசி பெருகி, அது வாடும்போது பாக்டீரியா குவிந்து, எண்ணிக்கை அளவைத் தாண்டிவிட்டது என்று விளக்கம். உங்கள் ஊர்க்காரர் அரபிக்கடல் பக்கம் போயிருந்தால் நிச்சயம் பார்த்திருக்கலாம். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள், படகு தடம் பிரகாசமாகத் தெரிந்ததா, இல்லை தடமே தெரியாமல் ஒரே வெள்ளையாக இருந்ததா என்று.

#20 எதிர்க்கேள்வி

சரி, இனி அடுத்த தடவை ஈ.சி.ஆரில் எரிந்தால் நான் என்ன செய்யட்டும்? திட்டவும் கூடாது, கொண்டாடவும் கூடாது என்றால்?

#21 நெய்தல்_செல்வி (மட்டுறுத்துநர்)

வெள்ளைக் கண்ணாடி பாட்டில் ஒன்று எடுத்துப் போங்கள் தம்பி. நீரை மொண்டு பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மேலே மணி மணியாக மிதந்து வந்தால் நாக்டிலூக்கா. குலுக்கினால் மின்னும், விட்டால் அணையும். தேதி, நேரம், இடம், காற்று எந்தப் பக்கம், முந்தின நாட்களில் மழை உண்டா, இதை எல்லாம் எழுதிப் படத்தோடு போடுங்கள். மறுநாள் காலை வெளிச்சத்தில் தண்ணீரின் நிறத்தையும், விடியும் நேரத்தில் மீன் ஒதுங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இன்காய்ஸின் பாசிப்பெருக்கத் தகவல் சேவையில் செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கிறது, அதோடு ஒப்பிடலாம். கெட்டியாக இருக்கும் நீரில் குளிக்க வேண்டாம், அம்மோனியா தோலை அரிக்கும். செத்து ஒதுங்கிய மீனை எடுத்துச் சமைக்கவும் வேண்டாம்.

#22 பாம்பன்காரன்

நம்ம ஆளிடம் போனில் கேட்டேன். தடம் தெரியவே இல்லை, கப்பலைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெள்ளை என்றார். ஏடன் தாண்டி இந்தியா திரும்பும் வழியாம், வருடம் அவருக்கு ஞாபகம் இல்லை.

#23 நுண்ணோக்கி

அப்படியானால் பாக்டீரியாதான் அண்ணே. மாதமாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் ஜனவரி ஒட்டியும், ஜூலை, ஆகஸ்ட் ஒட்டியும்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது.